கத்திரி சேர்த்த கூட்டம்

என் தங்கைக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். வெட்டிவிடுவாள். வீடியோ எடிட்டிங்தான் அவள் பிழைப்பு. கேமராக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற கல்யாணங்களையும் பிறந்தநாள்களையும் வெட்டி ஒட்டி, மனுஷன் உட்கார்ந்து பார்க்கும்படி ஆக்கிக் கொடுப்பாள். தொழிலில் இருப்பவர்கள் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை இப்போது பேங்க்காரர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள்.

ஒரு கல்யாணத்துக்குக் கேமராக்காரருடன் அவளும் போயிருந்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா எல்லார் காதிலும் விழும்படி, "இந்த வீடியோ கும்பலுக்குச் சாப்பாடு கடைசியில குடுங்க, மிச்சம் இருந்தா" என்று சொல்லிவிட்டார். அவள் சிரித்துக்கொண்டே கடைசியில் சாப்பிட்டுவிட்டு வந்தாள். வீடியோ தயாரானபோது பார்த்தால், பெரியப்பா வருகிற இடத்திலெல்லாம் மென்றுகொண்டிருந்தார். வாசலில் விருந்தாளிகளை வரவேற்கும்போது மென்றார். மணமக்கள் பக்கத்தில் நிற்கும்போதும் மென்றார். பெண் வீட்டார் கண் கலங்குகிற இடத்தில் ஓரத்தில் அவருடைய தாடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்க முடியவில்லை, மென்றது அவர்தானே. அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த பெருமை, அவள் பரீட்சையில் பாஸானபோதுகூட வந்ததில்லை.

நான் சலவைக்கடை வைத்திருக்கிறேன். லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும் ஆஸ்பத்திரிகளின் திரைச்சீலையும் மூட்டை மூட்டையாக வரும். முன்பக்கம் கடை, பின்பக்கம் கொடி கட்டிய முற்றம், மாடியில் என் தங்கையின் அறை. கீழேயிருந்து நீராவிக் குழாய் அந்த அறைச் சுவரை ஒட்டிப் போவதால் உள்ளே எப்போதும் புழுக்கம்தான். அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு, திரையில் இருப்பவர்களிடம் "போதும், போ" என்று பேசிக்கொண்டு கிடப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்பாள்.

அந்த அறைக்கு ஒரு நாள் டைரக்டர் ஒருவன் ஏறிப் போனான். கடைக்குள்கூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவன் என்பதால் நான் அவனுக்குக் கூலிங்கிளாஸ் என்று பெயர் வைத்தேன். அவனிடம் ஒரு கதை இருந்தது. ஆஸ்பத்திரி லிப்ட்டில் நாள் முழுக்க ஏறி இறங்குகிற ஒரு பெண், ஏறுகிறவர்கள் முகத்தைப் பார்த்தே மேலே நடந்தது என்ன என்று தெரிந்துகொள்கிறாள், அதுதான் படம். பெரிய கம்பெனி எதுவும் அவனைக் கதவுக்குள் விடவில்லை. கையில் ஒரு கேமராவும் நாலைந்து நண்பர்களும் மட்டும்தான். என் தங்கைக்குக் கதை பிடித்துவிட்டது. "அந்த லிப்ட்காரி இங்க கீழயே நிக்கறாங்களே" என்று அவனைக் கூட்டிவந்து என் கடையில் இஸ்திரி போடுகிற அம்மாவைக் காட்டினாள்.

இஸ்திரியம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பேச்சு குறைவு. ஒரு சட்டைக் காலரை அவர் பார்க்கிற பார்வையிலேயே அது எத்தனை நாள் அழுக்கு என்பது சட்டைக்காரனுக்கு உறைத்துவிடும். அந்தப் பார்வைதான் படத்துக்கு வேண்டியிருந்தது. "நடிக்கணுமா, சும்மா நிக்கணுமா?" என்று கேட்டார். "நிக்கற மாதிரி நடிக்கணும்" என்றான் கூலிங்கிளாஸ். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடையின் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, நிற்பதைப் பழகினார். ஒரே இடத்தில் அசையாமல் நின்று அழுகையை அடக்குகிற காட்சிக்காகப் பத்து நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை என்று அவர் வீட்டுக்காரர் என்னிடம் புகார் சொன்னார்.

படம் முடிய நாலு வருஷம் ஆனது. கூலிங்கிளாஸைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லவேண்டுமென்றால், அவன் உழைத்தான். விளக்கையும் ஸ்டாண்டையும் தோளில் சுமந்தான், படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே தரையில் படுத்தான். ஆனால் படம் எடுத்தால் மட்டும் போதாதே, பார்க்க ஆள் வேண்டும். அதற்காகத்தான் படப்பிடிப்பு நடக்கும்போதே சமூக வலைத்தளத்தில் படத்தின் பேரில் ஒரு பக்கம் ஆரம்பித்தார்கள். அதில் அவன் தன் புகைப்படங்களாகப் போட்டுத் தள்ளினான். கேமராவுக்குப் பின்னால் நிற்பது, கேமராவுக்கு முன்னால் யோசிப்பது, டீ குடித்தபடி யோசிப்பது. அவன் சித்தப்பா மகன்கள் மட்டும் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

என் தங்கை அவனிடமிருந்து பக்கத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். எடிட்டர்கள் 'தலை, வால்' என்று ஒன்றைச் சொல்வார்கள். டைரக்டர் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால் கேமரா கொஞ்ச நேரம் ஓடும், 'கட்' சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். அவற்றை வெட்டி எறிவதுதான் எடிட்டரின் முதல் வேலை. அவள் எறியாமல் வைத்திருந்தாள். நடிக்கத் தொடங்குமுன் இஸ்திரியம்மா மூக்கைச் சொறிவது, 'கட்' சொன்னதும் "அடுப்ப அணைச்சேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வது, லிப்ட் சுவரில் சாய்ந்து கொட்டாவி விடுவது. தினம் காலையில் அப்படி ஒரு துண்டைப் போட்டு, கீழே ஒரே ஒரு கேள்வி எழுதுவாள்: "இன்னிக்கு எந்த மாடியில இருக்கீங்க?"

ஜனங்கள் பதில் எழுத ஆரம்பித்தார்கள். சந்தோஷமாக இருப்பவன் மொட்டைமாடி என்றான். வேலை போனவன் தரைத்தளம் என்றான். ஒரு நர்ஸ், "தரைக்கும் கீழ, பார்க்கிங்ல உக்காந்திருக்கேன்" என்று எழுதினாள். என் தங்கை ஒருவர் விடாமல் பதில் போட்டாள். நர்ஸுக்கு, "கதவ மூடாம புடிச்சிருக்கேன், மெதுவா வாங்க" என்று எழுதினாள். எல்லாரும் அந்தப் பக்கத்தை லிப்ட் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவர் பேரில் பதில் போடலாமா என்று இஸ்திரியம்மாவிடம் கேட்டதற்கு, "எனக்கு டைப் அடிக்க வராது பாப்பா, எனக்கும் சேத்து நீயே பேசிடு" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கம் வழியாகத்தான் எல்லாம் வந்தன. ஒரு லிப்ட் மெக்கானிக், பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தின் லிப்ட்டைப் படப்பிடிப்புக்குத் திறந்துவிட்டான். முகம் தெரியாத ஒருவன் எங்கிருந்தோ இசை அமைத்து அனுப்பினான். வெளியூர்களில் திரைப்படக் கழகம் நடத்துகிறவர்கள், படம் முடிந்ததும் எங்கள் ஊரில் போடுங்கள் என்று எழுதினார்கள். என் தங்கை இவர்கள் எல்லாருடைய பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்பதுவரை தெரிந்துவைத்திருந்தாள். இதையெல்லாம் கூலிங்கிளாஸ் 'கமெண்ட் வேலை' என்று சொன்னான். நீ படம் எடு, அவள் கமெண்ட் வேலை பார்க்கட்டும், யார் வேலை நிற்கிறது பார்ப்போம் என்று அன்றைக்கே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் பெருகியதும் பெரிய கம்பெனி ஒன்று எட்டிப்பார்த்தது. வீட்டிலிருந்தே படம் பார்க்கிற செயலி வைத்திருக்கும் கம்பெனி. படம் பிடித்திருக்கிறது, ஆனால் இந்தக் கூட்டம் நிஜமா வெறும் எண்ணிக்கையா என்று தெரியவேண்டும், ஒரு ஹாலில் காட்சி போடுங்கள், நிரம்பினால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

காட்சிக்கான போஸ்டர் வந்தது. எழுத்து, படத்தொகுப்பு, இயக்கம் என்று போட்டு, கீழே ஒரே பெயர். கூலிங்கிளாஸின் பெயர்.

என் தங்கை போஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வரும்வரை கடையில் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்ததும், "என் பேரு எங்க?" என்று கேட்டாள்.

"படம் முடியறப்போ வர்ற நன்றி கார்டுல போட்டிருக்கேனே, பாக்கலியா?"

"நன்றியா? வெட்டினது யாரு?"

"கத்திரி, நீ தப்பா எடுத்துக்காத. எழுதி, எடுத்து, எடிட்டும் ஒரே ஆளே பண்ணா கம்பெனிக்காரங்க ஒரு தனி மரியாதையோட பாக்கறாங்க. நான் பக்கத்துலயே உக்காந்துதானே சொன்னேன், இங்க வெட்டு, அங்க வெட்டுன்னு. அடுத்த படத்துல உன் பேரைப் பெருசா போடறேன்."

"பக்கத்துல தூங்கினியேப்பா, என் கண்ணாலயே பாத்தேனே" என்றேன் நான். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று மாலைக்குள் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். பின்பு தலைகளையும் வால்களையும் ஒவ்வொன்றாக அழித்தான். மூக்கைச் சொறிகிற காட்சியெல்லாம் கம்பெனிக்காரர்கள் கண்ணில் படக்கூடாதாம். அதற்குப் பதிலாக டிரெய்லரும், கறுப்புக் கண்ணாடியும். தகப்பனைப் பறிகொடுத்த சேதியை ஒருவன் எழுதியிருந்தான், அவனுக்கும் "டிக்கெட் புக் செய்ய இங்கே அழுத்தவும்" என்று பதில் போயிருந்தது. என் தங்கையைக் கறிவேப்பிலையாகத் தூக்கி எறிந்துவிட்டான். ஆனால் அவன் ஒன்றை யோசிக்கவில்லை. அவனிடம் இருந்தது முடிந்த படம் மட்டும்தான். எடுத்ததில் மிச்சமெல்லாம் என் கடைக்கு மேலே, புழுங்குகிற அந்த அறையில் இருந்தது.

அவள் புதிதாக ஒரு பக்கம் திறந்தாள். "படத்தை வெட்டியவள் நான். என் பெயரை எடுத்துவிட்டார்கள். இனி இங்கே" என்று மட்டும் எழுதினாள். பிறகு பழைய ஆட்களுக்குத் தனித்தனியாகச் சேதி அனுப்பினாள். நர்ஸிடம் அவள் தம்பியின் ஆபரேஷனைப் பற்றி விசாரித்தாள், மெக்கானிக்கிடம் முதுகுவலியைப் பற்றி. வந்துவிட்டார்கள். பழைய பக்கத்தில் எண்ணிக்கை அப்படியே நின்றது, ஆனால் கடை திறந்திருக்க, வாங்க ஆளில்லை என்கிற நிலைமைதான். கூலிங்கிளாஸ் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தான்.

ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாள். "அக்கா, ஹால்ல படம் போடற அன்னிக்கு சாயங்காலம் முற்றத்துல துணி எதுவும் காயப் போடாத. பெரிய வெள்ளை விரிப்பு ஒண்ணே ஒண்ணு மட்டும் கட்டு."

எனக்குப் புரிய நேரமாகவில்லை. அதே நாள், அதே நேரம், எங்கள் முற்றத்தில் தலைகளும் வால்களும் ஓடும். எல்லாரும் இங்கே வருவார்கள். அங்கே ஹால் ஈயோட்டும்.

"ஹால் காலியா கெடந்தா கம்பெனிக்காரன் போயிடுவான். படமே போயிடும். நாலு வருஷம் நீ வெட்டின படம்" என்றேன்.

"போகட்டும். என் பேரு இல்லாத படம் எனக்கு எதுக்கு?"

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. இருப்பதிலேயே பெரிய விரிப்பாக எடுத்துக் கஞ்சி போட்டேன்.

"இஸ்திரியம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன். கூலிங்கிளாஸ் அவரைத்தான் ஹாலுக்குச் சிறப்பு விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தான்.

"சொன்னா அவங்க மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். அவன் உஷாராயிடுவான். அவங்க நம்ம ஆளுதானே அக்கா, அப்புறம் சொல்லிக்கலாம்."

அந்த நாளும் வந்தது. காலையில் இஸ்திரியம்மா தன்னுடைய பட்டுப்புடவையை எடுத்துவந்து தானே இஸ்திரி போட்டார். எங்கள் கடைத் துணிக்கு அத்தனை நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. "பாப்பா ஹாலுக்கு வரும்ல?" என்றார். நான் ரசீதில் என்னவோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "பெரிய திரையில நான் எப்படி இருப்பேன்னு எங்க வீட்டுக்காரருக்கு ஒரே ஆவல்" என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பினார்.

சாயங்காலம் முற்றம் நிறைந்தது. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள்கூட உண்டு. ஒருவரையொருவர் அதுவரை பார்த்திராதவர்கள், "நீங்க எந்த மாடி?" என்று கேட்டுக் கைகொடுத்தார்கள். நர்ஸ் என் தங்கையைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. மெக்கானிக் புரொஜெக்டரைத் தூக்கி வைத்தான். இருட்டத் தொடங்கியதும் விரிப்பில் இஸ்திரியம்மாவின் முகம் சுவர் அகலத்துக்கு வந்தது. மூக்கைச் சொறிந்தார். முற்றமே சிரித்தது. அடுப்பை அணைத்தேனா என்றார், கைதட்டினார்கள். என் தங்கை அதை அப்படியே பக்கத்திலும் நேரலையாக ஓடவிட்டாள். இடையில் ஹாலிலிருந்து சேதி வந்தது. கம்பெனிக்காரர்கள் இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விட்டார்களாம். கூலிங்கிளாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறானாம். என் தங்கை சிரித்தாள். பெரியப்பாவை வீடியோ முழுக்க மெல்லவைத்தபோது சிரித்த அதே சிரிப்பு. எனக்கும் வயிறு குளிர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அமிர்தமாக இருந்தது.

அப்போதுதான் முற்றத்துக் கதவு திறந்தது. இஸ்திரியம்மா நின்றுகொண்டிருந்தார். பட்டுப்புடவை, தலையில் பூ. பின்னால் அவர் வீட்டுக்காரர் கையில் ஒரு பூங்கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார். ஹாலில் டிக்கெட் கிழிக்கிறவன் தன் போனில் நேரலையைக் காட்டி, "இது நீங்கதானேம்மா?" என்று கேட்டிருக்கிறான்.

கூட்டம் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றது. "லிப்ட் அக்கா" என்று நாலாபுறமும் குரல். சிலர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. விரிப்பைப் பார்த்தார். அங்கே அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். என் தங்கை ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே என் கடைக்குக் கூட்டிவந்தாள். நானும் அவர் வீட்டுக்காரரும் பின்னாலேயே போனோம்.

"ஹால்ல நாங்க ரெண்டு பேரும் அந்த டைரக்டரும்தான் மிஞ்சினோம்" என்றார். "உன்னைப் பாக்க ஒருத்தரும் வரலியான்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. வருவாங்க, டிராபிக்கா இருக்கும்னு சொல்லிட்டே இருந்தேன்."

"அவன் என் பேரை எடுத்துட்டான்மா. நாலு வருஷம். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அவன்கிட்ட நானே கேட்டிருப்பேன், இன்னிக்கு மேடையில வச்சே. பேச என்னென்னவோ யோசிச்சு வச்சிருந்தேன்." இஸ்திரி மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். "அவன் உன் பேரை எடுத்தான். அதுக்கு நீ என்கிட்டேருந்து என் படத்த ஏன் எடுத்தே?"

என் தங்கை மேசைமேல் கிடந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"நான் நடிச்சதப் பாக்க அங்க ஒரு நாதியில்ல. மூக்கு சொறிஞ்சதப் பாக்க இங்க இவ்வளவு பேரு. இத உன்கிட்ட யாரு கேட்டா பாப்பா?"

"உங்ககிட்ட சொல்லியிருக்கணும்மா. தப்புதான்."

"ஆமா" என்றார் இஸ்திரியம்மா. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே போய்விட்டார். முற்றத்தில் இன்னும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வேலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்று லாட்ஜுகளின் துணி மலைபோலக் குவிந்தது. நான் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன், உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் திறக்கவில்லை. என் தங்கை எழுதிக்கொடுத்த கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது.

அந்த வார இறுதியில் பழைய பக்கத்தில் ஒரு வீடியோ வந்தது. மெக்கானிக்தான் முதலில் பார்த்து அனுப்பினான். இஸ்திரியம்மா அதே பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூலிங்கிளாஸ், கண்ணாடி இல்லாமல்.

"இந்தப் படத்த எழுதினது, எடுத்தது இவரு" என்றார் அவர். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. "வெட்டினதும் இவருதான். ராப்பகலா உக்காந்து வெட்டினாரு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். வேற யாராவது வந்து நான்தான் வெட்டினேன்னு சொன்னா நம்பாதீங்க. நான் நடிச்ச படம் இது. வந்து பாருங்க."

கண்ணில் துளி தடுமாற்றம் இல்லை. எங்கள் கண்ணாடி முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பழகியதையெல்லாம்விட இது நன்றாக இருந்தது.

அன்றைக்குள் ஊர் உலகமெல்லாம் அதைப் பார்த்துவிட்டது. கூலிங்கிளாஸ் ஹாலில் மறுபடியும் காட்சி அறிவித்தான், அறிவித்த வேகத்தில் இடங்கள் தீர்ந்தன. வெளியூர்த் திரைப்படக் கழகங்கள் அவனுக்கு எழுதின. என் தங்கையின் பக்கத்தில் இருந்தவர்கள், அவள் ஒவ்வொருவராகப் பேசிப் பேசிச் சேர்த்த அந்த ஜனங்கள், அவளிடமே வந்து கேட்டார்கள். இத்தனை நாள் எங்களை ஏமாற்றினாயா என்று சிலர். எதுவும் கேட்காமலே போனவர்கள் நிறைய.

எனக்கு ரத்தம் கொதித்தது. மாடிக்கு ஏறிப் போனேன். "ஒவ்வொரு வெட்டும் உன் மெஷின்லதானே இருக்கு? தேதியோட இருக்கும்ல? எடுத்துப் போடு. ஒரே நாள்ல நாறிடும் அவங்க ரெண்டு பேரு மானமும்" என்றேன்.

அவள் போன் திரையைக் காட்டினாள். நர்ஸ் எழுதியிருந்தாள். மற்றவர்களைப் போலத் திட்டவில்லை. "நான் உங்களத்தான் நம்பறேன். ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, லிப்ட் அக்கா பொய் சொல்வாங்களா?"

"சொல்லுவாங்கன்னு எழுது" என்றேன். "நீ எழுதலைன்னா போனைக் குடு, நான் எழுதறேன்."

அவள் போனைத் தரவில்லை. அந்தக் கேள்வியை இன்னொரு தரம் படித்தாள். பிறகு, "அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்று டைப் அடித்து அனுப்பிவிட்டாள்.